காரணம் எழுதப்படாத கட்டம்

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எனக்கு மாமா முறை வேண்டும் ஒருவர் இருக்கிறார். பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் திண்ணையில் பேச உட்கார்ந்தால் அவருக்கு இடப்பக்கமாகத்தான் உட்கார வேண்டும். தெரியாமல் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டால் உடம்பையே திருப்பி இடது காதை நம் பக்கம் கொண்டுவருவார். "நான் அந்தப் பக்கம் வந்துடறேன் மாமா" என்று எழுந்தால் தோளைப் பிடித்து அமர்த்துவார். "உட்காருப்பா, எனக்குப் பழகிப்போச்சு."

அவருடைய பேப்பர்கள் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், ரெக்கார்ட் ஆபீஸ் கடிதங்கள், அவர் அனுப்பிய மேல்முறையீடுகள், அவற்றுக்கு வந்த மறுப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக மடித்துவைத்திருக்கும் தாள், அவருடைய கோரிக்கை மறுபடியும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவதாகச் சொல்கிறது. அந்தப் பையில் அப்படி ஒரு தாள் ஏற்கெனவே உண்டு. "பீரங்கி வெடிக்கிறப்ப ஒருத்தரும் என் காதைப் பார்க்கலை. இப்ப மூணாவது தடவை பார்க்கறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த தேதிக்கு எந்த ரயிலில் போவது என்று அதே குரலில் கேட்டார்.

பணியில் ஊனமடைந்த படைவீரரின் கோரிக்கை இப்படித் திரும்பத் திரும்ப மருத்துவரிடமே போவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கோரிக்கையை மறுப்பது அநியாயம் என்று எல்லோருக்கும் புரிகிறது. திருப்பி அனுப்புவது அப்படித் தெரிவதில்லை. "இன்னொரு முறை சரியாகப் பார்க்கட்டும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த இன்னொரு முறைக்கான காலத்தை யார் கையிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் நடைமுறை. ராணுவத்திலிருந்து வெளியேறும் சமயத்தில், உடல்நிலைத் தரம் குறைக்கப்பட்டிருக்கும் ஒருவரை, அவர்கள் பேச்சில் 'லோ மெடிக்கல் கேட்டகரி'யில் இருப்பவரை, ரிலீஸ் மெடிக்கல் போர்டு பார்க்கிறது. உடல்நிலை காரணமாகவே பாதியில் அனுப்பப்படுபவரையும் ஒரு போர்டு பார்க்கிறது. 'போர்டு அவுட்' ஆகி வந்தார் என்று ஊரில் சொல்வது இதைத்தான். போர்டின் படிவம் கேட்பவற்றில் ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள் மூன்று. இந்த ஊனம் ராணுவப் பணியால் வந்ததா? பணியால் வரவில்லை என்றால், பணியால் அதிகமானதா? எத்தனை சதவீதம்? முதல் இரண்டில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று வர வேண்டும், சதவீதம் 20-க்குக் குறையக் கூடாது. 1961ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய விதிமுறைகளின் 173ஆவது விதி வைத்த வாசல் இது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டால் சதவீதம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

பணக்கணக்கைச் சொன்னால்தான் இதன் கனம் தெரியும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத்துக்கான பகுதியாகக் கிடைக்கும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. ஊனம் 20 சதவீதம் என்றால் 2,400. ஆனால் 50-க்குக் குறைவான சதவீதத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை 1996ஆம் ஆண்டிலிருந்து அமலானது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியானால் அந்த 20 சதவீதக்காரருக்கு மாதம் 6,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் வர வேண்டும். 19 சதவீதம் என்று எழுதப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு மருத்துவரின் பேனா ஒரு எண்ணைக் குறைத்து எழுதுவதில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு அடங்கியிருக்கிறது.

'இல்லை' என்று வந்துவிட்டால் முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு, பிறகு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது. இந்தப் படிகளில் எங்கிருந்து வேண்டுமானாலும் கோரிக்கை மீண்டும் மருத்துவர்களிடம் போகலாம். அப்படிப் போகும்போது காகிதம் பயணப்படும் வழி நீளமானது. ரெக்கார்ட் ஆபீஸ், அங்கிருந்து ராணுவ மருத்துவமனை, போர்டு கூடும் தேதி, போர்டின் முடிவுக்கு மேலதிகாரியின் ஒப்புதல், கடைசியில் பிரயாக்ராஜ் நகரின் துரௌபதி காட் பகுதியில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகம். எங்காவது ஓரிடத்தில் 'இல்லை' என்று வந்தால் மறுபடியும் முதல் படி.

இத்தனைக்கும் சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஊன ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே பேசுகின்றன. படையில் சேரும்போது குறிப்பிடப்பட்ட குறைகள் தவிர, அவர் நல்ல உடல்நிலையோடும் மனநிலையோடும் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால், உடல்நிலைச் சரிவு பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையதல்ல. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. களத்தில் பணியாற்றியவருக்கு இன்னும் தாராளமாக. சேரும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் இது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணத்தை அவர்கள் எழுத வேண்டும்.

இந்த 'காரணத்தை எழுத வேண்டும்' என்ற சொற்களில்தான் எத்தனையோ வழக்குகள் நின்றன, விழுந்தன. 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தரம்வீர் சிங் வழக்கு இன்று எல்லாத் தீர்ப்பாயங்களிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1985இல் சேர்ந்தவர், வலிப்பு நோயால் 1994இல் அனுப்பப்பட்டவர். போர்டு 20 சதவீதம் என்று ஒப்புக்கொண்டது, பணியோடு தொடர்பில்லை என்றும் எழுதியது. ஏன் தொடர்பில்லை என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. சேரும்போது அவருக்கு அந்த நோய் இருந்ததாகவும் எந்தக் குறிப்பும் இல்லை. நீதிமன்றம் அதை மறுபடியும் மருத்துவர்களுக்கு அனுப்பவில்லை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தது: காரணம் இல்லாத முடிவைத் தள்ளிவிட்டு ஓய்வூதியத்தைக் கொடுக்கச் சொன்னது. 2015இல் அரசின் மேல்முறையீடுகள் பலவற்றை ஒன்றாக எடுத்து உச்ச நீதிமன்றம் அதே வழியில் தள்ளுபடி செய்தது.

அதே 2013இல் இன்னொரு வழக்கு வேறு வழியில் போனது. மனச்சிதைவு என்று முத்திரை குத்தி 1970களில் வெளியேற்றப்பட்ட ஒரு வீரர். அவரைப் பார்த்த மனநல மருத்துவரின் குறிப்பை நீதிபதிகளே வரி வரியாகப் படித்தார்கள். மருத்துவ அகராதிகளையும் மனநல நூல்களையும் புரட்டினார்கள். மேலோட்டமான கவனிப்பை வைத்து ஓர் இளைஞரின் வாழ்க்கையையே முடிவு செய்துவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. போர்டின் கருத்து கடவுள் வாக்கல்ல, நீதிமன்றம் அதைச் சோதிக்கலாம் என்று நிலைநாட்டியதற்காக அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் முடிவில் வந்த உத்தரவு, அவரை மறுபரிசீலனை மெடிக்கல் போர்டிடம் அனுப்ப வேண்டும் என்பது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் பிறகு! அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு மனம் என்னவெல்லாம் ஆகியிருக்கும், அதைப் பார்த்து எந்த மருத்துவர் அன்றைய பாசறையில் நடந்ததைச் சொல்லிவிட முடியும்?

ஆக, திருப்பி அனுப்புதல் என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததுதான் குழப்பத்துக்கு வேர்.

சதவீதத்தை இன்றைய நிலையில் அளந்து சொல்லுங்கள் என்று கேட்பது ஒருவகை. போர்டு சிலருக்கு இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று காலவரம்பு போட்டு ஊனத்தை மதிப்பிடும். வழக்கு முடிவதற்குள் அந்தக் காலம் எப்போதோ கடந்திருக்கும். அதனால் தீர்ப்பாயம் அந்த ஆண்டுகளுக்கான நிலுவையைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன என்பதற்கு ரீசர்வே மெடிக்கல் போர்டு வைக்கச் சொல்கிறது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. நோய் கூடியிருந்தால் வீரருக்கே அது லாபம். ஆனால் பாதுகாப்பு அமைச்சகமே 2001 பிப்ரவரியில் ஓர் ஆணை போட்டது: நிரந்தர ஊனம் என்றால் ஒரு தடவை எடுத்த முடிவு ஆயுளுக்கும் நிற்கும், வீரரே கேட்டாலொழிய மறுபார்வை கிடையாது. நிரந்தரம் இல்லாதவற்றுக்கும் ஒரே ஒரு மறுமதிப்பீடுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வயதானவர்களை வரவழைத்து, கால் இன்னும் இல்லையா என்று பார்க்கும் பழைய வழக்கத்துக்கு வைத்த முற்றுப்புள்ளி அது. அந்த ஆணையைப் படித்துவிட்டு இன்றைய உத்தரவுகளைப் படித்தால், முற்றுப்புள்ளி பல இடங்களில் காற்புள்ளியாகிவிட்டது தெரியும்.

உண்மையிலேயே ஒரு மருத்துவ விவரம் விடுபட்டிருப்பது இன்னொரு வகை. எக்ஸ்ரே எடுக்கவே இல்லை, நிபுணரிடம் காட்டவே இல்லை, இரண்டு நோய் இருக்க ஒன்றை மட்டும் பார்த்தார்கள். இங்கே திருப்பி அனுப்பாமல் முடிவு செய்வதுதான் தவறு.

மூன்றாவது வகையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போர்டு 'தொடர்பில்லை' என்று எழுதியது, காரணம் எழுதவில்லை. எனவே காரணம் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிறோம் என்பது. பரீட்சையில் விடை எழுதாமல் தாளைக் கொடுத்தவரிடம் பத்தாண்டு கழித்துத் தாளைத் திரும்பக் கொடுத்து, இப்போது எழுதிக்கொள்ளுங்கள் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காரணம் இல்லாத இடத்தில் விதி தானாகவே வீரர் பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைத் தடுத்து நிறுத்தி, எதிர்த் தரப்புக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுதான் இங்கே நடக்கிறது. காரணம் இல்லாத போர்டு முடிவு செல்லாது என்று 2025 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. 1982இல் எழுதிவைத்ததை 2025இலும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதிலேயே பிரச்சினையின் வயது தெரிகிறது.

காரணம் எழுதப்படும்போதும் பல நேரம் ஒரே வாசகம்தான். 'உடலமைப்பு சார்ந்த கோளாறு.' 'அமைதிப் பகுதியில் பணியாற்றும்போது தொடங்கியது, எனவே பணியால் அதிகமாகவில்லை.' ரத்த அழுத்தமும் நீரிழிவும் வந்தவர்களுக்கு இரண்டாவது வாசகம் அச்சடித்ததுபோல வரும். அமைதிப் பகுதி என்றால் நிம்மதியான இடம் என்று ராணுவத்தில் இருந்த எவரும் சொல்ல மாட்டார்கள். எல்லையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வந்தவருக்கு நோய் தலைகாட்டுவதே அங்கே வந்து பரிசோதனை செய்துகொண்ட பிறகாக இருக்கலாம். அமைதிப் பகுதியில் தொடங்கியது என்பது மட்டும் மறுக்கக் காரணமாகாது என்று தில்லி உயர் நீதிமன்றமும் 2025இல் ஒரு நீரிழிவு வழக்கில் சொல்லியிருக்கிறது.

இதே சங்கடத்தை நம்மைவிடப் பெரிய அளவில் அனுபவித்த நாடு அமெரிக்கா. 'ரிமாண்ட்' என்றால் நமக்குச் சிறைக் காவல்தான் நினைவுக்கு வரும். அங்கே முன்னாள் படைவீரரின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்: மேல்முறையீட்டு வாரியம் கோரிக்கையைத் தீர்க்காமல், இன்னொரு மருத்துவப் பரிசோதனைக்காகக் கீழே அனுப்பிவிட்டது. பரிசோதனை நடக்கும், மறுப்பு வரும், மீண்டும் மேலே போகும், அந்தப் பரிசோதனையும் போதாது என்று மீண்டும் கீழே வரும். கூண்டுக்குள் வெள்ளெலி ஓடும் சக்கரம் என்று அங்கே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் செக்குமாடு என்போம்.

இந்தச் சுற்றல் நல்லெண்ணத்திலிருந்துதான் தொடங்கியது என்பது கவனிக்க வேண்டியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரர் கோரிக்கைகளுக்கென்றே ஒரு நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், ஆதாரம் திரட்ட வீரருக்கு உதவுவது அரசின் கடமை என்றது. மருத்துவப் பரிசோதனை செய்துவைப்பதும் அந்தக் கடமைக்குள் வந்தது. நோய்க்கும் பணிக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சிறு அறிகுறி இருந்தாலே பரிசோதனை தர வேண்டும் என்று 2006இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 1998இலேயே, திருப்பி அனுப்பும் உத்தரவில் சொன்னதை அப்படியே நிறைவேற்றக் கேட்பது வீரரின் உரிமை என்றும் சொல்லியிருந்தது. ஒவ்வொன்றும் வீரருக்குக் கிடைத்த வெற்றிதான். ஒவ்வொரு வெற்றியும் திருப்பி அனுப்ப இன்னொரு காரணமாகவும் ஆனது. பரிசோதனை தரவில்லை என்றால் ரிமாண்ட். தந்த பரிசோதனை போதாது என்றால் ரிமாண்ட். ரிமாண்டில் சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை என்றாலும் ரிமாண்ட்.

ஒரு பரிசோதனை எப்படிப் போதாமல் போகிறது என்பதற்கு 2017இல் வந்த ஒரு தீர்ப்பு நல்ல சாட்சி. மூட்டுவலிக்காரரின் கையை மடக்கி நீட்டி, கோணமானியை வைத்து எத்தனை பாகை என்று மருத்துவர் குறித்துக்கொள்கிறார். "வலி அதிகமாகும் நாட்களில் எவ்வளவு மடக்க முடிகிறது?" என்ற கேள்விக்கு, இன்று வலி அதிகமாக இல்லாததால் ஊகிக்காமல் சொல்ல முடியாது என்று எழுதிவிடுகிறார். அந்தப் பதில் போதாது என்றது நீதிமன்றம். வலி வரும் நாளில் எப்படி இருக்கிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு, அவர் சொல்வதை வைத்து மதிப்பிட வேண்டும். உடம்பு தேதி பார்த்துத் துன்பப்படுவதில்லை. பரிசோதனைதான் தேதி பார்த்து நடக்கிறது. இதை ஒரு நீதிமன்றம் புரிந்துகொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அதன் விளைவு அந்த வீரர் மீண்டும் ஒரு மருத்துவர் முன் உட்கார வேண்டும் என்பதே.

ஆவணங்கள் கதையையும் சொல்ல வேண்டும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையை விட்டுச் சென்றவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தத் தீயில் அழிந்தது. அரசின் பொறுப்பில் இருந்தபோது ஆவணம் தொலைந்தால் அரசின் கடமை கூடுகிறது, சந்தேகத்தின் பலனை வீரருக்குத் தருவதில் இன்னும் கவனம் வேண்டும் என்பது அங்கே நீதிமன்றங்கள் வகுத்த நெறி. இங்கே தீ வேண்டியதில்லை. வைத்திருக்கும் காலம் முடிந்ததும் விதிப்படியே பழைய கோப்புகள் அழிக்கப்படுகின்றன. பிறகு கோரிக்கையோடு வரும் முதியவரிடம், உங்கள் மருத்துவ ஆவணம் இல்லை என்று பதில் போகிறது. ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் அந்த நாள் இன்னும் நெருங்குகிறது.

அமெரிக்கா கடைசியில் கண்ட வழி மருத்துவத்தில் இல்லை, அனுமானத்தில் இருக்கிறது. வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் பற்றிய 1991ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே இருந்தவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளச் சொன்னது. 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட நோய்களில் அந்தச் சலுகையைத் தந்தது. ஏஜென்ட் ஆரஞ்ச் பட்டியலில் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. நம் போர்டுகள் 'உடலமைப்பு சார்ந்தது' என்று ஒதுக்கும் அதே ரத்த அழுத்தம்! எது எதனால் வந்தது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக மருத்துவரிடம் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் ஆயுள் முடிந்துவிடும் என்பதை அந்த நாட்டு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது.

அவர்கள் பல பத்தாண்டு தடுமாறிப் போய்ச் சேர்ந்த இடம் நம்மிடம் 1982இலேயே எழுத்தில் இருந்தது. அதை நாம் எப்படி வைத்துக்கொண்டோம்? 2008ஆம் ஆண்டு விதிகள், பணியில் இருக்கும்போது நோய் தெரியவந்தது என்பது மட்டுமே போதாது என்றன. ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பை வீரர் தலையிலேயே வைத்தன. 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் இன்னும் இறுக்கின. பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுபவருக்கு ஓய்வூதியம் என்ற பெயருக்குப் பதிலாக 'குறைபாட்டு நிவாரணம்' என்ற பெயரைக் கொண்டுவந்தன. முன்னாள் படைவீரர்கள் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

அரசுத் தரப்பின் கவலையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஊன ஓய்வூதியம் பெறுவோரின் விகிதம் சாதாரண வீரர்களிடையே உள்ளதைவிட மிக அதிகம் என்பதையும், வாழ்க்கைமுறை நோய்கள் அதில் பெரும்பங்கு பெறுவதையும் 2023இல் வெளியான தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. தகுதியில்லாதவர் வாங்குகிறார் என்றால் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். அதைச் செய்ய வேண்டிய இடம் முதல் போர்டு. அங்கே நேரம் எடுத்து, பணியிடங்களின் பட்டியலைப் பார்த்து, நிபுணரைக் கேட்டு, அந்த நோய் ஏன் பணியால் வரவில்லை என்று இரண்டு பத்தி எழுதினால், தகுதியில்லாத கோரிக்கை அங்கேயே நிற்கும். தகுதியுள்ளவர் இருபது ஆண்டு அலைய வேண்டியதும் இல்லை. எங்கள் மாமா போன்ற ஒருவரை 68 வயதில் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்வதால் எந்த மோசடியும் வெளிவரப்போவதில்லை. அந்தக் கருவி காட்டும் கோட்டில் பீரங்கி எவ்வளவு, வயது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

தாமதம் பணத்தையும் தின்கிறது. ஓய்வூதிய நிலுவையைப் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே தரலாம் என்ற 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தீர்ப்பாயங்கள் பின்பற்றி வந்திருக்கின்றன. மேல்முறையீடு, பதில், மறுபோர்டு என்று அலுவலகங்களுக்குள் கழிந்த ஆண்டுகள் வழக்குக்கு முந்தியவை என்றால், அவை பெரும்பாலும் போனவைதான்.

என் முடிவு இது. சதவீதத்தை மட்டும் அளக்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு முறை, நாள் குறித்து, வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவமனையில் அளக்கட்டும். அதுவரை தகுதியான தொகையை நிறுத்தி வைக்கக் கூடாது. பணியோடு தொடர்புண்டா என்ற கேள்வியில் முதல் போர்டு காரணம் எழுதியிருக்காவிட்டால் கோரிக்கை அன்றே வீரர் பக்கம் தீர வேண்டும். அதை மருத்துவரிடம் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது.

இதைப் படிப்பவர்களில் படைவீரர் குடும்பத்தார் இருப்பீர்கள். வேலூரிலும் கன்னியாகுமரியிலும் தெருவுக்கு ஒருவராவது உண்டு. உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ இன்னொரு போர்டுக்குப் புறப்படும் முன், அவருடைய ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் பெயரிலேயே விண்ணப்பம் போடுங்கள். கையில் வந்ததும், பணியோடு தொடர்பில்லை என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், காரணம் கேட்கும் கட்டத்தை முதலில் பாருங்கள். அது காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மேல்முறையீட்டின் முதல் தாளாக வையுங்கள். மாமாவின் பையில் அந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது.